முகூர்த்தச் சேலையில் ஒரு நூல்

பில் போடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். பில் போட்டாச்சு என்றால் போச்சு, முகூர்த்த ஜவுளி எடுத்த பிறகு நின்றுபோன கல்யாணம் எதையும் நவநீதன் கேள்விப்பட்டதே இல்லை, நிச்சயம் ஆகி முறிந்திருக்கிறது, பத்திரிகை அடித்துக்கூட நின்றிருக்கிறது, ஆனால் சேலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் தாலி ஏறின மாதிரிதான், அதற்கப்புறம் வாயைத் திறந்தால் அது சொன்னதாக ஆகாது, ஏமாற்றிவிட்டு ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். காலையில் சிங்காநல்லூரில் வண்டி ஏறும்போதே இப்படித் தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் ஏறினான். ஒப்பணக்கார வீதியில் இறங்கும்போதும் தீர்மானம் கெட்டியாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைக்காரர் நீட்டிய மோரையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே கோகிலவாணி, இவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். அவளுக்கு இந்தப் பக்கம் அவள் அம்மா ருக்குமணி, இவன் இப்போதுதான் அத்தை என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கம் இவனைப் பெற்ற அம்மா, சேலை பார்க்கிற சாக்கில் மகனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மகன் வாயைத் திறந்துவிடுவானோ என்று. இத்தனைக்கும் சொல்ல வேண்டியது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. நான் தைப்பேன், பழைய காலத்து ராஜா ராணி உடுப்பு, நாடகக்காரர்களுக்காக. ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அந்த ஒரு மூச்சுதான் வந்து தொலைக்கமாட்டேன் என்கிறது.

கடைக்காரர் ஓர் அரக்குச் சேலையை உதறினார், சேலை அவன் முட்டிவரைக்கும் வந்து விழுந்தது, விழுந்ததுதான் தாமதம், கண் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது, சனியன் பிடித்த கண், கட்டிக்கப் போறவளுக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் கரை சேலையின் உடம்போடு சேர்கிற இடத்தைப் பார்க்கிறது, ஜரிகை பின்பக்கத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறது, இது மடிப்பு வைத்தால் நிற்காது, தொங்கிவிடும், ராணிக்கு ஆகாது என்கிறது. எந்த ராணி, இங்கே எங்கே வந்தாள் ராணி. தை மாசம் நாடகம். ராணிக்கு மேலாடைக்கு மெல்லிசான பருத்தி ஒருவழியாகக் கிடைத்தாகிவிட்டது, இடுப்புக்குக் கீழே சுற்றுகிற துணிதான் கிடைத்தபாடில்லை, கோயில் சுவர் ஓவியத்தில் நிற்கிறவள் உடுத்தியிருக்கிற அந்தப் பச்சையும் அந்தச் சிவப்புக் கரையும் எந்தக் கடையிலும் ஒன்றாக வரவில்லை, பச்சை இருந்தால் துணி வழவழவென்று சாட்டின், துணி சரியாக இருந்தால் பச்சை பச்சையாக இல்லாமல் பாசியாக இருக்கிறது. அலையாத இடம் உண்டா. ஈரோட்டுச் சந்தையில் குவியல் குவியலாகக் கிளறினான், திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் கழிந்த துணி மலையில் ஏறி இறங்கினான், மதுரைக்குப் போய்ச் சாமிக்கு வஸ்திரம் தைக்கிற கடைகளில் கெஞ்சினான், அங்கே துணி அருமை, ஆனால் எல்லாம் சாமி அளவு, மனுஷ உடம்புக்குப் பத்தாது. சென்னையில் சௌகார்பேட்டைச் சந்து ஒன்றில் நல்ல கனமான கின்காப், உடம்பெல்லாம் ஜரிகை ஓடுகிற பட்டு, கிடைத்தது, ராஜா அங்கிக்கு ஆயிற்று. பாதிரியார் அங்கிக்குத் துணி விற்கிற கடையில்கூட ஒருதரம் நுழைந்து நம்ம ஊர் ராஜாவுக்கு இடைக்கச்சை எடுத்திருக்கிறான். எல்லாவற்றையும்விட நல்ல இடம் பழைய பட்டு வாங்குகிறவர்கள் வீட்டுத் திண்ணைதான், ஜரிகையிலிருந்து வெள்ளி எடுக்க என்று கிழிசல் பட்டுச் சேலைகளை வாங்கி மூட்டை கட்டி வைத்திருப்பார்கள், அடுப்பில் போடுவதற்கு முன்னால் போய் நின்றால் பழைய நெசவு கிடைக்கும், ஒரு சேலையில் முந்தானையில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது, யாருடைய முகூர்த்தச் சேலையோ, அதை வெட்டக் கத்தரி எடுத்தபோது கை கொஞ்சம் தயங்கியது நிஜம். தயங்கிவிட்டு வெட்டினான். இதையெல்லாம் எதிரே இருக்கிறவளிடம் சொல்லு என்றால் மோரைக் குடிக்கிறான், அதுவும் உப்புக் கரிக்கிறது.

கோகிலவாணி அரக்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்கு முன்னால் மாம்பழ மஞ்சளுக்கும், அதற்கும் முன்னால் வந்த அத்தனைக்கும் அதே தலையாட்டல்தான். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறவள், எதிலும் நிதானம், அவசரப்படமாட்டாள் என்று ருக்குமணி அத்தை பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். நவநீதனுக்கு என்னவோ அவள் சேலையையே பார்க்கவில்லை என்று பட்டது. அவள் பார்வை அடிக்கடி இவன் தோள்பட்டைப் பக்கம் வந்து போகிறது. என்ன பார்க்கிறாள், சட்டை கசங்கியிருக்கிறதா, காலையில்தானே புதுசாகத் தேய்த்துப் போட்டது. கொஞ்ச நாளாகப் போனிலும் இப்படித்தான், ம் என்பாள், சரி என்பாள், சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்பதில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டதோ, உடுமலைக்காரர்கள் வழியாக ஏதாவது காதுக்கு வந்துவிட்டதோ. உடுமலையிலிருந்து வேறொரு பெண் வீட்டார் வந்தது போன வருஷம், எல்லாம் பேசி முடிந்து காபி குடிக்கும்போது அந்தப் பெண்ணின் சித்தப்பா கை கழுவப் போகிறேன் என்று எழுந்து தவறுதலாக இவன் அறைக்கதவைத் திறந்துவிட்டார், உள்ளே ஆளுயரத்துக்குப் பொம்மை, அதன் மேல் ராணி ரவிக்கை பாதி தைத்தபடி, மார்பில் ஊசி ஊசியாகக் குத்தி, பக்கத்தில் தையல் மிஷின். மனுஷன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார். மறுநாள் தரகர் போன் பண்ணி, பையனுக்குப் பொம்பளைத் துணியை வெச்சுக்கிட்டு ஏதோ பழக்கம் இருக்குதாமே என்றார். பழக்கம். பம்ப் கம்பெனியில் எத்தனை வருஷமாக மோட்டார் சோதித்துப் பார்த்து அனுப்புகிறவனுக்கு அந்த ஒரு சொல்லில் உடம்பு கூசிப்போயிற்று. அம்மா அன்றைக்கே மிஷினையும் பொம்மையையும் நண்பன் ரபீக் வீட்டு மாடி அறைக்கு ஏற்றிவிட்டாள். தாலி கட்டற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதே கண்ணு, அப்புறம் நீ பட்டறையே போட்டாலும் நான் கேக்க மாட்டேன் என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா. அவளும் எத்தனை பேருக்குத்தான் காபி போடுவாள்.

ஆனால் இவனும் சும்மா வரவில்லை, ஒரு யோசனையோடுதான் வந்தான். பட்டு எடுக்கிற எவரும் கடை வெளிச்சத்தை நம்பமாட்டார்கள், பிடித்த சேலையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பிடித்து நிறம் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வார்கள், கடைக்காரரும் தடுக்கமாட்டார். அந்தச் சாக்கில் அவளைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தான். ஒரு கத்தரிப்பூ நிறம் வந்தபோது எழுந்துகூட விட்டான், வாங்க, வெளிச்சத்தில பார்க்கலாம் என்றான் அவளைப் பார்த்து, அவளும் சட்டென்று எழுந்தாள், அவள் எழுந்த வேகத்தைப் பார்த்து இவனுக்கே ஆச்சரியம், அதற்குள் பின்னாலேயே அம்மாவும் எழுந்து, அம்மா எழுந்ததால் அத்தையும் எழுந்து, வாசலில் நாலு பேரும் ஒரே சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரோட்டில் போகிற பஸ்ஸில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நல்லா இருக்குது, ஆனா கொஞ்சம் டல்லு என்றாள் அம்மா. போச்சு. திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தான். கடைக்காரர் தலைக்குப் பின்னால் மேல் அடுக்கில், கடைசியில், மடிப்பின் விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பச்சை. கிளிப்பச்சை. அதன் ஓரத்தில் சிவப்புக் கரை, தனியாக நெய்து கோத்த கரை, இங்கிருந்தே தெரிகிறது. அடப்பாவி, ஊரெல்லாம் தேடியது இங்கே உட்கார்ந்திருக்கிறது, தேடாத நாளில். கை பரபரத்தது. அதை எடுங்க என்று சொல்லத் துடித்தது, யாருக்கு எடுக்கச் சொல்கிறாய், பொண்டாட்டிக்கா ராணிக்கா, முகூர்த்தச் சேலை எடுக்க வந்த இடத்தில் நாடகத்துக்குத் துணி பார்க்கிறாயே, உனக்கெல்லாம் எதுக்குடா கல்யாணம். உடுமலைச் சித்தப்பா சொன்னது சரிதானோ. இது பழக்கம்தானோ. விடாது பிடித்துக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு வேறு என்ன பெயர். அவன் அந்தப் பச்சையிலிருந்து கண்ணைப் பிடுங்கித் தரையில் வைத்தான்.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது. அம்மா ஒரு குங்குமச் சிவப்பைத் தூக்கிக் கோகிலவாணியின் தோளில் போட்டு, இதுதான், இதுக்கு மேல என்ன வேணும் என்றிருக்கிறாள், ருக்குமணி அத்தை உங்களுக்குப் பிடிச்சா எங்களுக்கும் பிடிச்ச மாதிரிதான் சம்பந்தி என்றிருக்கிறாள், கோகிலவாணி தலையை ஆட்டவும் இல்லை ஆட்டாமலும் இல்லை. கடைக்காரர் கண் மூடித் திறப்பதற்குள் சேலையை மடித்துத் தாம்பாளத்தில் வைத்தார், மேலே மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், ஒரு முழம் மல்லிகை. மாப்பிள்ளை கையால வாங்கிச் சாமிகிட்ட வெச்சு எடுத்துட்டு வாங்க, பில்லு போட்டுடலாம் என்றார். பில்லு. நவநீதன் எழுந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு கல்லாப்பெட்டிக்கு மேலே இருந்த சாமி படத்துக்குப் போனான், கால் தானாகப் போயிற்று, மூன்று பெண்களும் பின்னால் வந்து கும்பிட்டு நின்றார்கள். படத்துக்கு முன்னால் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போது சொல்லு. இப்போது. கும்பிட்டு முடித்ததும் சொல்லு. அம்மாவைப் பார்க்காதே, சொல்லு, வாணி, ஒரு நிமிஷம் என்று ஆரம்பித்தால் போதும், மீதி வந்துவிடும், வராவிட்டால், வராவிட்டால் தாலி கட்டி முடித்து ஒருநாள் ரபீக் வீட்டு மாடியில் அவளே வந்து கதவைத் திறப்பாள், ஊசி குத்தின பொம்மையைப் பார்ப்பாள், அவள் முகமும் அந்தச் சித்தப்பா முகம் மாதிரி ஆகும், சிரிக்கும். தாம்பாளத்திலிருந்து முந்தானையின் ஓரம் கொஞ்சம் சரிந்து தொங்கியது. அதில் ஒரு நூல் பிரிந்து நின்றது. கடை கடையாக ஏறி இறங்கியவனின் விரலுக்கு அது போதும், மனசு எங்கேயோ தடுமாறிக்கொண்டிருக்க, விரல் பாட்டுக்கு அந்த நூலை இழுத்து, நுனியில் முறுக்கி, எப்போதும் செய்கிற மாதிரி, காட்டிவிட்டது நெருப்பில். காமாட்சி விளக்கில். சுர்ரென்று சுருண்டு கருகியது, விரலால் நசுக்கினான், சாம்பல் பொடிந்தது, நல்ல பட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அப்புறம்தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

கருகல் வாசம் மல்லிகை வாசத்தைத் தாண்டி மேலே வந்தது. முதலில் வாய் திறந்தது ருக்குமணி அத்தைதான், சத்தம்கூடப் போடவில்லை.

"என்ன மாப்பிள்ளை இது. முகூர்த்தச் சேலையில நெருப்பு வெக்கறீங்க."

கடைக்காரர் எங்க கடையில பட்டு சுத்தம்ங்க, யாரும் இதுவரைக்கும் சந்தேகப்பட்டதில்லீங்க என்று முகம் சுண்டி நின்றார். அம்மா சமாளிப்பில் கெட்டிக்காரி, ஒரு நொடியில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அவன் கம்பெனியில செக்கிங் பிரிவுங்க சம்பந்தி, எதைக் கண்டாலும் சோதிச்சுப் பார்க்கோணும் அவனுக்கு, வீட்டில நெய்யைக்கூட உருக்கிப் பார்த்துத்தான் நம்புவான் என்றாள். அத்தையின் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் இளகியது. வழி பிறந்துவிட்டது. ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்து, ஆமாங்க அத்தை, கைப்பழக்கம் என்று சொன்னால் முடிந்தது, பில் போட்டுவிடுவார்கள், வெளியே போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிடலாம். கைப்பழக்கம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்ததும் அதை விழுங்கினான். தரகர் சொன்ன அதே சொல்லைத் தானே தன் வாயால் சொல்லி இந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறோமா.

"அதில்லீங்க அத்தை" என்றான். "துணி எடுக்கப் போற இடத்திலெல்லாம் நான் இப்படித்தான் பார்ப்பேன். நான் தைப்பேனுங்க. பழைய காலத்து உடுப்பு, ராஜாவுக்கு, ராணிக்கு. நாடகத்துக்காக."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அத்தை மகளைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள், ராணிக்குன்னா, பொம்பளைத் துணியா என்று இழுத்தாள். ஆமாங்க என்றான். கையில் தாம்பாளம் சாய்ந்தது, மஞ்சள் கிழங்கு உருண்டு ஓரத்துக்கு வந்தது. கோகிலவாணி முன்னால் வந்து தாம்பாளத்திலிருந்து சேலையை எடுத்துக்கொண்டாள். கலர் சரியாத் தெரியல, வெளிச்சத்தில பார்த்துட்டு வர்றோம் என்றாள். அத்தை கூடவே கிளம்பினாள். நீ உக்காரும்மா என்றாள் கோகிலவாணி, வகுப்பில் சொல்கிற மாதிரி, அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் சேலையைப் பிரிக்கவில்லை, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தான் நவநீதன். எப்படிச் சொல்லப் போகிறாள், நாசூக்காகச் சொல்லுவாள், படித்தவள். திரும்பவும் அம்மா காபி போடுவாள். மிஷினை ரபீக் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

"முடி கருகற வாசம் வந்துச்சு" என்றாள் அவள். "பட்டு எரிஞ்சா அப்படித்தான் வரும். புரதம். பசங்களுக்கு வருஷா வருஷம் எரிச்சுக் காட்டறேன்."

அவள் குரல் திடீரென்று உடைந்தது.

"உங்க சட்டையில எப்பப் பார்த்தாலும் ஜிகினா ஒட்டியிருக்கும். முதல்நாள் நாம சந்திச்ச காபிக் கடையிலேயே பார்த்தேன். காலர்ல கலர் கலரா நூலு. அப்புறம் ஒருநாள் போனை வெக்க மறந்துட்டு யார்கிட்டயோ பேசறீங்க, இடுப்புல இறுக்குதா, ஒரு விரல் விடட்டுமான்னு. அந்தப் பொண்ணு சிரிக்குது."

நவநீதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ராணி வேஷம் கட்டுகிற பெண், அளவு பார்த்துக்கொண்டிருந்தான், ரபீக்கின் மனைவிகூடப் பக்கத்தில் ஊசி கோத்துக்கொண்டு இருந்தாள்.

"யாரோ ஒருத்தி இருக்கறான்னு முடிவே பண்ணிட்டேங்க. அம்மாகிட்ட சொல்ல முடியல. ராத்தூக்கம் போச்சு. இன்னைக்கு பில்லு போடறதுக்குள்ள உங்ககிட்ட கேட்டுடணும்னுதான் வந்தேன். அதான் எதைக் காட்டினாலும் வேண்டாம் வேண்டாம்னு இருந்தேன். கேக்க வாய் வரல."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் தன் பயத்தையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான், எதிரே ஒருத்தி இவனாலேயே செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள் என்று ஒரு தரமாவது தோன்றியதா. மன்னிச்சுக்கோங்க என்றான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எரிச்சலாக, மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம், இந்தச் சேலை வேண்டாம் என்றாள். நெருப்பு வெச்சதுக்காகவா என்று கேட்டான். அதுக்கில்ல, கலரே எனக்குப் பிடிக்கல, உங்கம்மா எடுத்தாங்க, எங்கம்மா தலையாட்டினாங்க என்று சொல்லிக்கொண்டே உள்ளே நடந்தாள்.

மெத்தையில் இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன கண்ணு என்றாள் ருக்குமணி அத்தை, பயந்து பயந்து. இது வேண்டாம்மா, வேற பார்க்கலாம், இவரே எடுக்கட்டும் என்று சொல்லிக் கோகிலவாணி உட்கார்ந்தாள், எதிரே இல்லை, பக்கத்தில். அத்தை ஏதோ கேட்க வாயெடுத்தாள், வீட்டில பேசிக்கலாம்மா என்றதும் வாயை மூடிக்கொண்டாள், ஆனால் அந்த முகத்தில் இன்னும் எத்தனையோ கேள்வி இருந்தது, அதற்கெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அம்மா மகனை முறைத்தாள். முறைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் என்ன மாதிரி காட்டட்டுங்க என்று இவனைக் கேட்டார், குரலில் இன்னும் கோபம் ஆறவில்லை. நவநீதன் மேல் அடுக்கைக் காட்டினான். அந்தக் கடைசிப் பச்சை என்றான். ராணிக்கு வேறு தேடிக்கொள்ளலாம், தை மாசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, பழைய பட்டு மூட்டை இருக்கிறது, பார்க்காத சந்து ஊருக்குள் எவ்வளவோ இருக்கிறது. கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்துத் தூசி தட்டினார்.

அவர் இறங்கி வருவதற்குள் கோகிலவாணி கையை நீட்டி அவன் காலரிலிருந்து எதையோ எடுத்தாள். ஒரு சிவப்பு நூல். காலையில் புதுசாகத் தேய்த்துப் போட்ட சட்டை, அதில் எப்படித்தான் ஏறியதோ. இரண்டு அம்மாக்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது யாரோடதுங்க?"

"ராணி ரவிக்கையோடது" என்றான். "கழுத்துப் பட்டி இன்னும் முடியல."

அவள் நூலைக் கீழே போடவில்லை. விரலில் சுற்றிக்கொண்டு, கடைக்காரரிடம் பச்சையை விரிக்கச் சொன்னாள்.